சுடலைமுத்து அண்ணன் பார்க்காத கோல்கள்

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பாயை உதறிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு பழங்காலத்து மதுக்கடை வாசலில் நாலைந்து சிநேகிதர்களோடு நிற்கிறான். எல்லார் கழுத்திலும் ஒரே மாதிரி கோடு போட்ட துண்டு. பின்னால் ஒரு கோட்டைச் சுவர். முன்னால் மேசையில் வறுத்த மீன். நான் பார்ப்பதற்குள் அவன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, தேரிழுக்கப் போறவன் மாதிரி துண்டு போட்டுக்கிட்டு நிக்கான்?" என்றாள்.

போன் போட்டுக் கேட்டேன். கால்பந்து பார்க்கப் போயிருக்கிறான். அவனுடைய அணி வேறொரு ஊரில் போய் ஆடுகிறதாம். "வெளியூர் மாட்ச்னா அப்படித்தாம்ப்பா. காலையிலயே போய் ஊரைச் சுத்திப் பாப்போம். நாலு கடையில உக்காருவோம். அப்புறந்தான் மாட்ச். இங்க அது ஒரு கலாசாரம்" என்று எனக்கு விளக்கினான்.

கலாசாரமாம். அவன் பிறப்பதற்கு முன்னாலேயே விக்கிரமசிங்கபுரத்தில் நாங்கள் அந்தக் கலாசாரத்தை வாரம் தவறாமல் வளர்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அம்மா பக்கத்திலேயே நின்றதால், "சரிப்பா, பாத்து இரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லலாம், தப்பில்லை.

படத்தில் இருந்த மீனைப் பார்த்ததும் எனக்கு மீன் வாசனை வரவில்லை. டீசல் வாசனைதான் வந்தது. இசக்கி அண்ணாச்சியின் மெட்டடோர் வேனில் புளியோதரையைப் பிரித்தாலும் டீசல்தான் மணக்கும், மல்லிகைப்பூ வாங்கி வைத்தாலும் டீசல்தான் மணக்கும். வாரநாட்களில் அந்த வேன் கடைகளுக்குச் சரக்கு ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றும். நாங்கள் என்றால் எங்கள் ஊர் கால்பந்து அணியின் ஆதரவாளர்கள். பதினைந்து பேர் போல இருப்போம், அண்ணாச்சியைத் தவிர எல்லாரும் மில்லில் வேலை பார்ப்பவர்கள். நான் நூல் சுற்றுகிற பிரிவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குக் கால்பந்தில் தெரிந்ததெல்லாம் கையால் தொடக்கூடாது என்பது மட்டும்தான். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அப்போதும் தெரியாது. இன்றைக்கும் யாராவது விளக்கினால் புரிந்தமாதிரி தலையாட்டிக்கொள்கிறேன். கல்யாணமாகாத ஒருவன் வீட்டில் யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க ஊரைவிட்டுப் போய்வர, "மாட்ச்சுக்குப் போறேன்" என்பதைவிட மரியாதையான காரணம் வேறு கிடையாது. அதனால் போனேன்.

இசக்கி அண்ணாச்சிதான் எங்களுக்குத் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வேன் அவருடையது, அவ்வளவுதான். வண்டி புறப்பட்டதும் அன்றைய நிகழ்ச்சிகளைப் படிப்பார். "மொதல்ல குறுக்குத்துறையில குளியல். பெறகு இட்லி. பெறகு கோயில். பெறகு..." என்று தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்குப் பிராந்திக்கடை என்று அர்த்தம். "பெறகு நேரம் இருந்தா மாட்ச்."

எங்கள் ஊரை ஒட்டிய பாபநாசத்து ஆற்றில் தினம் குளிக்கிறவர்கள் எதற்குத் திருநெல்வேலியில் வந்து குளிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதல் தடவை கேட்டேன். "நேத்து நம்ம ஊரைத் தாண்டுன தண்ணிதாம்லே இன்னைக்கு இங்கன வருது. வழியில என்ன பாடு பட்டுருக்குன்னு பாக்க வேண்டாமா?" என்றார் இசக்கி அண்ணாச்சி. குளித்துவிட்டு, வழியிலிருக்கும் சேரன்மகாதேவிக்காரர்கள் கை வைத்துத் தண்ணீரைக் கெடுத்துவிட்டார்கள் என்று தீர்ப்பும் சொல்லுவார்.

இப்படிக் குளித்து, கும்பிட்டு, தின்று, குடித்து மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் ஆட்டம் தொடங்கியிருக்கும். ஆட்டக்காரர்கள் புத்திசாலிகள். எங்களோடு வரமாட்டார்கள், பஸ்ஸில் முன்னாலேயே போய்விடுவார்கள். எங்கள் அணிக்கு நீலச்சட்டை. துவைத்துத் துவைத்து அது வெள்ளையாகிவிட்டிருந்தது. ஒருதடவை தூத்துக்குடியில் எதிரணிக்காரர்கள் வெள்ளைச்சட்டையில் இறங்கிவிட, எங்கள் வேன்காரர்களில் பாதிப்பேர் பாதி ஆட்டம் வரைக்கும் அவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மூன்று கோல் போட்டார்கள். அன்றைக்கு நாங்கள் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை, இடைவேளை வரை.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் உண்மையாகவே பந்தைப் பார்க்க வந்தவர். அவர்தான் சுடலைமுத்து அண்ணன்.

பாய்லர் பிரிவில் இருந்தார். நல்ல கனத்த உடம்பு, மெல்லிய குரல். வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்ததில்லை. ஆனால் அணி சாயங்காலம் பயிற்சி எடுக்கும்போது வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, அதன் பாரில் ஒரு காலைப் போட்டபடி இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். யார் எந்தப் பக்கம் திரும்புவான், யார் பந்து வந்தால் பயப்படுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிராந்திக்கடைக்கு எங்களோடு வருவார், ஒரு சோடா குடிப்பார், "நேரமாகுதுல்லா, போவமா" என்று எங்களை நச்சரிப்பார். அந்த வேனில் நச்சரிக்கும் ஒரே ஆள் அவர்தான்.

அப்படிப்பட்டவரைத்தான் மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பினோம். எப்படி என்று கேளுங்கள்.

மேலப்பாளையத்தில் ஒரு ஆட்டம். முதல் பாதியில் ஒரு கோல் வாங்கிவிட்டோம். அதற்கு முன்னால் நாங்கள் சாப்பிட்ட பரோட்டாவும் சால்னாவும் சுடலைமுத்து அண்ணன் வயிற்றில் ஏதோ வம்பு பண்ண, ஒரு சுலைமானி குடித்தால் சரியாகும் என்று மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். எலுமிச்சை பிழிந்து அந்தக் கடுந்தேநீரைக் குடித்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் நாங்கள் இரண்டு கோல் போட்டிருக்கிறோம். இரண்டையும் அவர் பார்க்கவில்லை. அடுத்த வாரம்தான் அந்தத் தூத்துக்குடி ஆட்டம். அவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, தோற்றோம். அதற்கடுத்து தென்காசி. அவருடைய செருப்பு வார் அறுந்து, தைக்கக் கொடுக்கப் போனார். அவர் தெருமுனையைத் திரும்பும்போது கோல் விழுந்தது.

இசக்கி அண்ணாச்சி திரும்பி வரும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இதை ரொம்ப நேரம் யோசித்தார். பாதி வழி வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா வருத்தப்படப்படாது."

"சொல்லு."

"நீங்க நின்னா கோல் விழ மாட்டேங்கு. நீங்க போனா விழுது."

வேனில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் விஷயம். பதினைந்து பேரும் அதை முன்னாலேயே நினைத்திருக்கிறார்கள், யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். சுடலைமுத்து அண்ணன் வெளியே இருந்த வயலைப் பார்த்தார். "டீம் செயிக்கணும்னா நான் போயிட்டு வாரேன். அதுல என்ன இருக்கு" என்றார்.

துணைக்கு ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் ஆசை தாங்காமல் திரும்பி வந்து வேலி வழியாக எட்டிப் பார்த்துவிடுவார் என்று முடிவாயிற்று. ஆட்டம் புரியாதவன் யாரோ அவன் போகட்டும் என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேர்மையை நான் பாராட்ட வேண்டியிருந்தது.

அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் பார்க்காத இடமில்லை. தென்காசிக் கோபுரத்தை நான்கு பக்கமும் நின்று பார்த்தோம். தூத்துக்குடி துறைமுகத்தில் எந்தக் கப்பல் எப்போது வந்தது என்று விசாரித்தோம். பாளையங்கோட்டையில் ஆட்டம் என்றால் பஸ் ஏறி கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போய், கல்லில் செய்த மனுசர்களின் நரம்பைக்கூட எண்ணிவிட்டு வருவோம். மேலப்பாளையத்துக்கு இரண்டாம் தடவை போனபோது அதே டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "என்ன அண்ணாச்சி, கிரவுண்டு எதுக்க இருக்கு, நீங்க இங்கன உக்காந்துருக்கிய?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அவருடைய ஊர்க்காரர்கள் ஜெயிக்க வேண்டும் என்ற கவலையில், "அப்படின்னா உள்ள போங்களேன். டீக்குக் காசு வேண்டாம்" என்று சுடலைமுத்து அண்ணனை எழுப்பப் பார்த்தார்.

நான் எங்கே போனாலும் ஒரு பீர் குடித்துக்கொள்வேன். அண்ணனுக்குச் சோடாவும் சுண்டலும். எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய ஒரு காது மைதானத்தின் பக்கமே இருக்கும். சத்தம் எழும்பினால் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லுவார். "அது அவங்க சத்தம். நம்மாளு கத்துனா நடுவுல ஒரு இருமல் கேக்கும்" என்பார். பஞ்சுத்தூசியில் வேலை பார்க்கிறவர்கள் அல்லவா. அவர் சொன்னது ஒருதடவையும் தப்பியதில்லை. இருமலோடு ஒரு கூச்சல் வந்தால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, யார் போட்டிருப்பான், எங்கேயிருந்து போட்டிருப்பான் என்று தனக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பார்.

அந்த வருஷம் எங்கள் அணி ஜெயித்தது நிஜம். எங்கள் ஊரில் பெண் எடுத்த ஒரு மேலப்பாளையத்து வெல்டர் கோலியாக வந்து சேர்ந்திருந்தார், பந்தைப் பிடித்தால் விடமாட்டார். அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்த மனிதர் பாய்ந்து பாய்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்ட பெருமையெல்லாம் டீக்கடையில் சுண்டல் தின்றுகொண்டிருந்த சுடலைமுத்து அண்ணனுக்குப் போயிற்று.

அவர் வீட்டில் செண்பகம் அக்காவுக்கு மட்டும் இது எதுவும் பிடிபடவில்லை. பீடி சுற்றிக்கொண்டே தெருவில் போகிற என்னை நிறுத்திக் கேட்பாள். "ஏம்ப்பா, மாட்ச் பாக்கப் போறேன்னு போறாரு. வரும்போது மக்ரூனும் கருப்பட்டியும் வாங்கிட்டு வாராரு. எத்தனை கோல்னு கேட்டா மட்டும், பொறு, இசக்கிகிட்ட கேட்டுச் சொல்லுதேங்காரு. நெசமாவே மாட்ச்சுக்குத்தான் போறியளா?" நான் கோயிலைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அண்ணனிடம் கேட்டேன். "நீங்க இதை நம்புதியளா?"

"நான் நம்பல. அவங்க நம்புதாங்க. நான் அங்கன நின்னா ஒருத்தனும் பந்தைப் பாக்க மாட்டான், என்னையத்தான் பாப்பான். அது நமக்குக் கஷ்டமா இருக்கும்லே" என்றார்.

பிறகு அவருடைய மகன் பரமன் அணியில் சேர்ந்தான். பத்தொன்பது வயது. அப்பாவின் உடம்பில் பாதிகூடக் கிடையாது, பனைநார் மாதிரி இருப்பான். பயிற்சியில் அவன் ஓடுவதை அண்ணன் சைக்கிளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.  அதன் மணியைக் கட்டைவிரலால் லேசாகத் தட்டிக்கொண்டிருப்பார்.

பரமனுக்கு முதல் ஆட்டம் குலசேகரன்பட்டினத்தில், நாங்கள் சொல்லும் குலசையில். சாதாரண ஆட்டமில்லை, ஒரு கோப்பைக்கான இறுதி ஆட்டம். வழக்கமாக ஆடுகிறவனுக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டதால் அவனை இறக்கினார்கள். அன்றைக்கு வெள்ளென வேன் புறப்படும்போது செண்பகம் அக்கா தெருமுனை வரை வந்தாள். "இன்னைக்காவது கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க, பிள்ளை எப்படி ஆடுனான்னு" என்றாள். அண்ணன் தலையாட்டினார். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

அன்றைக்கு இசக்கி அண்ணாச்சி நிகழ்ச்சி நிரல் படிக்கவில்லை. குறுக்குத்துறையில் சும்மா முங்கி எழுந்தோம். தண்ணீரைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.  எல்லாருக்கும் ஒரே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பிராந்திக்கடையில் மட்டும் வழக்கம்போல இறங்கினோம். அணிக்கு இருந்த ஒரே மாற்று ஆட்டக்காரன் பஸ்ஸைத் தவறவிட்டு எங்களோடு வந்திருந்தான். அவனும் இறங்கினான். இது பின்னால் தேவைப்படும் தகவல், அதனால் சொல்கிறேன்.

குலசையில் மைதானம் கடலுக்கு அடுத்தாற்போல. ஒரு பக்கம் பனைமரங்கள், தரையெல்லாம் மணல். பையன்கள் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பரமன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இசக்கி அண்ணாச்சி சுடலைமுத்து அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, கழுத்தைச் சொறிந்தார்.

"அண்ணே, மணப்பாடு இங்கன பக்கத்துலதான். மலைமேல கோயில், கீழ கடலு. பாக்க வேண்டிய ஊரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னைக்கு நான் போகல. அண்ணன் இருக்கட்டும்" என்றேன். எல்லாரும் பனைமரங்களைப் பார்த்தார்கள். இறுதி ஆட்டம் அல்லவா. அண்ணன் மகனுடைய முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். "வாலே, போயிட்டு வருவோம்."

மணப்பாட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல்குன்று, அதன் மேல் வெள்ளையாகத் தேவாலயம். ஏறி நின்றால் மூன்று பக்கமும் தண்ணீர். வேறொரு நாளாக இருந்தால் நான் வாய்பிளந்து நின்றிருப்பேன். குன்றின் நிழலில் வயசான மீன்பிடிக்காரர் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார்.

"பாபநாசம் பக்கம். மாட்ச்சுக்கு வந்தோம்" என்றார் அண்ணன்.

"மாட்ச் குலசையிலல்லா நடக்கு?"

"ஆமா."

"பெறகு இங்கன என்ன செய்யுதிய?"

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார், மகன் ஆடுவது உட்பட. மீன்பிடிக்காரர் வலையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க ஊருலயும் ஒரு ஆளு உண்டும். அவரு கரையில நின்னா மீன் படாதும்பாவ. ஒரு மாசம் மக வீட்டுக்கு அனுப்பி வச்சுப் பாத்தோம்" என்றார்.

"பட்டுதா?"

"எங்க பட்டுது? அந்த மாசந்தான் ரொம்ப மோசம்."

நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. குலசை இருக்கும் திசையைப் பார்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். காற்று, அலை, தூரத்தில் ஒரு படகின் மோட்டார். அவ்வளவுதான். என்னிடம் மணி கேட்டார். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். பிறகு, "இங்கன ஒண்ணுமே கேக்கலியேலே" என்றார். அதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே. இத்தனை நாள் அவருக்குச் சத்தமாவது மிச்சமிருந்தது. அன்றைக்கு அதுவும் இல்லை.

எழுந்தேன். என்ன ஆனாலும் ஆகட்டும், திரும்பக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டேன். "வாங்கண்ணே, போவோம்" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கீழே ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மெட்டடோர் வந்து நின்றது. இசக்கி அண்ணாச்சி இறங்கி மணலில் கால் புதைய ஏறி வந்தார். பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கியது. மேலே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, வாங்க. ஒங்க மகன் ஆட மாட்டேங்கான்."

நடந்தது இது. பரமன் முதல் பாதி முழுவதும் பந்தைப் பார்த்ததைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறான். அவனுடைய முதல் ஆட்டத்துக்கு அப்பாவை விரட்டியிருக்க மாட்டார்கள் என்று நம்பியிருக்கிறான். இடைவேளையில் நேராக இசக்கி அண்ணாச்சியிடம் வந்து, எங்கப்பா எங்கே என்று கேட்டான். ஊர் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார் என்றதும் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிவிட்டான். கேப்டன் கெஞ்சினான், கோலி கெஞ்சினார். மாற்று ஆட்டக்காரனை இறக்கலாம் என்றால், அவன் எங்கள் கலாசாரத்தில் கலந்துகொண்டு பனைமரத்தடியில் படுத்திருந்தான். கடைசியில் பத்துப் பேரோடு ஆட்டம் தொடங்கியது.

"ஒரு கேள்வி கேட்டாம்ண்ணே" என்றார் இசக்கி அண்ணாச்சி, வேனை ஓட்டிக்கொண்டே. "எங்கப்பா ஞாயித்துக்கிழமை வீட்டுலயும் இல்ல, கிரவுண்டுலயும் இல்ல. பெறகு எங்கதான் இருக்காருன்னு கேட்டான்."

 அண்ணன் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் ஒரு வெள்ளாட்டுக் கூட்டம் குறுக்கே வந்து நின்றது. ஆடு மேய்க்கிற அம்மாள் பைய நடந்து வந்தாள். அவசரத்தில் இசக்கி அண்ணாச்சி ஹாரனை அழுத்த, அது என்றைக்கோ செத்துப்போனது அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. நான் இறங்கி ஆடுகளை விலக்கினேன். ஆதரவாளன் என்ற முறையில் அணிக்காக நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு கோல் வாங்கியிருந்தோம். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பரமன் கயிற்றுக்கு வெளியே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்தான்.  பூட்ஸை மாட்டிக்கொண்டு, நடுவரிடம் கையைக் காட்டி உள்ளே போனான்.

சுடலைமுத்து அண்ணன் கயிற்றை ஒட்டி நின்றார். எங்களில் ஒருவன்கூட அவரைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று எல்லாருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பரமன் ஒருதடவை தடுக்கி விழுந்தான். ஒருதடவை இரண்டு பேரைத் தாண்டிப் போய்ப் பந்தைத் தொலைத்தான். கடைசியாக ஒரு பந்து அவனிடம் வந்தது, முன்னால் கோலியைத் தவிர யாருமில்லை. எனக்கே அது கோல் என்று தெரிந்தது. ஓடிப்போய் உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய், பனைமரங்களுக்கு மேலே போய், எங்கோ விழுந்தது. அதைத் தேடிக் கொண்டுவருவதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார்.

பதினைந்து பேரும் இப்போது அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் கைதட்டிய ஒரே ஆள் அவர்தான். ஜெயித்த குலசைக்காரர்களே யாருடா இது என்று பார்த்தார்கள்.

பரமன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "மேல போயிட்டுப்பா" என்றான்.

"பாத்தேன். இடது கால்ல அடிச்சியேலே. எப்பம் பழகுன?" என்றார் அண்ணன்.

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். அண்ணன் துண்டால் அவன் முகத்து மணலைத் துடைத்தார்.

அன்றைக்கு குலசைக்காரர்கள் எங்களை விடவில்லை. தோற்றவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டோம் என்று பந்தலில் உட்கார்த்தி, சாளைமீன் குழம்பும் பொரித்த மீனுமாகப் போட்டார்கள். அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.  வேன் ஆறுமுகநேரி வந்ததும் இசக்கி அண்ணாச்சி கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"அண்ணே, அடுத்த வாரம் தென்காசி. அங்கன கோயிலு, கோபுரம் எல்லாம் பாத்தாச்சுல்லா?"

"பாத்தாச்சு."

"அப்ப பேசாம கிரவுண்டுலயே இருந்துருங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வேனில் பேச்சு இல்லை. ஊருக்கு வந்ததும் செண்பகம் அக்கா எத்தனை கோல் என்று கேட்டாளாம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பரமன் ஆடிய அந்தக் கொஞ்ச நேரத்தை அண்ணன் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுநாள் அவளே என்னிடம் சொன்னாள், "இடது கால்ல அடிக்குதானாமே" என்று. அவளுக்கு அதன் அர்த்தம் தெரிந்ததோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அண்ணன் எல்லா ஆட்டத்தையும் நின்று பார்த்தார். அணி சிலதில் ஜெயித்தது, பலதில் தோற்றது. பரமன் கோல் போட்டதை அவர் எத்தனையோ தடவை பார்த்தார். நான்தான் பழக்கதோஷத்தில் ஆட்டத்தின் நடுவே எழுந்து டீக்கடையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன். துணைக்கு யாரும் வரவில்லை.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். மில்லில் ஆட்கள் குறைந்தார்கள். ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் போனவர்கள் பாதி, பிள்ளைகளோடு கோயம்புத்தூர், சென்னை என்று போனவர்கள் பாதி. பரமன் துபாயில் லாரி ஓட்டப் போனான். மெட்டடோரை இசக்கி அண்ணாச்சி இரும்பு விலைக்குப் போட்டார். எங்கள் மைதானத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கேதான் என் மகள் கல்யாணமும் நடந்தது. குலசைப் பக்கம் ராக்கெட் விடப் போகிறார்கள் என்று கம்பி வேலி போட்டிருப்பதாகச் சொல்லுகிறார்கள். நாங்கள் ஆடிய இடம் அதற்கு உள்ளேயா வெளியேயா, தெரியவில்லை.

சுடலைமுத்து அண்ணன் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காலமானார். அவருடைய பதினாறாம் நாள் விசேஷத்தில் இசக்கி அண்ணாச்சியைப் பார்த்தேன். காது மந்தமாகிவிட்டது. கால் நடுங்குகிறது. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். "மணப்பாட்டுக்குப் பெறகு என்னைக்காவது போனியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தென்காசிக் கோயிலுக்கு?" இல்லை. "மேலப்பாளையம்?" பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், இறங்கியதில்லை.

"நானுந்தான்" என்றார். "ரோடெல்லாம் இப்ப நல்லாத்தான் போட்டுருக்கான். கார் வச்சா ரெண்டு மணி நேரம். ஆனா என்னன்னு சொல்லிட்டுப் போக?"

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் ஏதோ ஒரு வண்டி நிற்கிறது. எல்லா ஊரும் அததன் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் வருவோம் என்று அங்கே யாரும் இப்போது காத்திருக்கவில்லை.